கேளுங்க, கதைப்பம்: புள்ளைட முகத்த வச்சுக் காசு சேர்க்கலாமா?

போன மாசம் இந்தப் பக்கத்துல புள்ளைகளுக்கும் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கும் காசு சேர்க்கிறதப் பத்தி ரெண்டு வரிதான் எழுதினன். அதுக்கு வந்த கடிதமும் வொய்ஸ் மெசேஜும் கனக்க, அதனால இந்த முறை முழுப் பக்கமும் அதுக்கே. பேரெல்லாம் எடுத்துட்டன், ஊர் மட்டும் இருக்கு.

கேள்வி: அக்கா, நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம், வயசு 26. அப்பா இல்லாத, அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன, இல்லாட்டி வீட்டுல ஆரும் வருத்தத்துல கிடக்கிற புள்ளைகளுக்கு உதவுற ஒரு சின்ன அமைப்பு எங்கட ஊர்ல இருக்கு, 40 குடும்பம் வரைக்கும் பார்க்கிறம். இந்த வருசம் நிதி சேர்க்கிற பொறுப்ப என்ட தலையில வச்சிட்டாங்க. கமிட்டியில சில பேர், புள்ளைகள் அழுற மாதிரி வீடியோ எடுத்து முகநூல்ல போடு, அப்பத்தான் வெளிநாட்டு ஆக்கள் அனுப்புவாங்க எண்டு நிக்கிறாங்க. எனக்கு மனசு ஒப்புதில்ல, ஆனா காசும் வேணுமே. என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, உங்கட மனசு சொல்றதுதான் சரி, அத விட்டுக் குடுக்காதீங்க. நான் ஏன் இவ்வளவு அடிச்சுச் சொல்றன் எண்டா அந்தப் பிழைய நானே செஞ்சிருக்கன். சுனாமி அடிச்ச அடுத்த வருசம், 2005ல, ஒரு அமைப்புல காசு சேர்க்கிற வேலையில சேர்ந்தன். நோட்டீஸ் ஒண்டு அடிக்க வேணும் எண்டு படம் எடுக்கப் போனம், கடற்கரையில ஒரு பொடியன் நிண்டான், ஏழு வயசிருக்கும், அம்மம்மாவோட கொட்டில்ல இருந்தவன். அவன்ட கையில ஒரு வெறும் கோப்பையக் குடுத்து, கமராவப் பாரு எண்டு சொன்னது நான்தான். அம்மம்மாட்ட கேட்டுத்தான் எடுத்தன், "ஓம் மனே எடுங்க" எண்டுதான் சொன்னா. ஆனா அந்த நேரம் அவட வீட்டுக்கு அரிசியும் பருப்பும் எங்கட கையாலதான் போகுது, அவ எப்பிடி இல்ல எண்டு சொல்லுவா? அது எனக்கு அப்ப விளங்கல்ல. நோட்டீசுக்கு நல்லாக் காசு வந்திச்சு, எல்லாரும் என்னப் பாராட்டினாங்க. மறுகா ஒம்பது வருசம் கழிச்சு, ஓ.எல் சோதனை எழுதுற வயசுல அவனக் கண்டன், ஸ்கூல்ல அவன "நோட்டீஸ்" எண்டுதான் கூப்பிடுறாங்களாம். ஆரோ ஒரு ஆள் அந்தப் பழைய தாள ஸ்கேன் பண்ணி முகநூல்ல போட்டிருக்கு. என்னப் பார்த்து ஒண்டுதான் சொன்னான், "அக்கா, அந்தக் கோப்பை என்டது இல்ல, நீங்கதான் தந்தீங்க" எண்டு. அதுக்கு என்ட கிட்ட பதில் இருக்கல்ல, இண்டைக்கும் இல்ல.

அந்த நாள்ல இருந்து நான் ஒரு புள்ளைட முகமும் போட்டதில்ல, பேர், ஸ்கூல், ஊர் மூண்டையும் சேர்த்து எழுதினதும் இல்ல. உங்கட ஊர் சின்ன ஊர், முகத்த மறைச்சாலும் வீட்டு வேலியப் பார்த்தே ஆர் எண்டு சொல்லிருவாங்க, அதையும் கமிட்டிக்குச் சொல்லுங்க. வெளிநாட்டுல இருந்து 5,000 அனுப்புற ஆள் அந்த வீடியோவ மூண்டு நாள்ல மறந்திருவார், ஆனா அந்தப் புள்ளை அதே ஊர்லதான் கல்யாணம் கட்டி வாழப் போகுது.

அப்ப காசு எப்பிடி வரும்? முதல்ல ஊருக்குள்ள தொடங்குங்க. கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு வீடு வீடாத் தெண்டல் எடுக்கிற ஊர் நம்மட ஊர், ஒரு கொத்து நெல்லு, ஒரு தேங்காய் எண்டாலும் குடுக்காத வீடு இல்ல. அந்தப் பழக்கம் ஏற்கனவே இருக்கு, நீங்க புதுசா ஒண்டும் படிப்பிக்கத் தேவல்ல. ஆனா கேக்கிற நேரத்தப் பாருங்க. உங்கட படுவான்கரையில, வாவிக்கு மேற்கால இருக்கிற வயல் பக்கத்துல, ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில ஆர்ட கையிலயும் காசு இராது, வயலுக்குப் போட்டாச்சு, கூலி வேலையும் கம்மி, மழை வெள்ளம் வேற, கடலும் கொந்தளிப்பு. உதவி கூடுதலாத் தேவைப்படுறதும் அந்த மூண்டு மாசத்துலதான், கொட்டில் ஒழுகும், புள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், அது முடிய ஸ்கூல் கொப்பி, சப்பாத்து எண்டு செலவு வந்து நிக்கும். பெரும்போக வெட்டு முடிஞ்சு நெல்லு வித்த கையோட, மாசி பங்குனியில போய்க் கேளுங்க, அத மாரிக்கு எண்டு தனியா வைங்க. இந்தக் கணக்க விளங்கிக்கொள்ள எனக்கு நாலு வருசம் போச்சு, நான் டிசம்பர்ல ஓடி ஓடிக் கேட்டு வெறுங்கையோட வந்த ஆள்.

ரெண்டாவது, ஒரே அடியில பெரிய காசு தேடாம மாசக் காசு தேடுங்க. மாசம் 500 ரூபா தாற 60 வீடு கிடைச்சா 30,000, அது அடுத்த மாசமும் வரும், அத நம்பி ஒரு புள்ளைட கிளாஸ் காசக் கட்டலாம். வீடியோக் காசு அப்பிடி இல்ல, வரும், நிக்கும், நடுவுல புள்ளைட படிப்பும் நிக்கும். வருசத்துக்கு ஒருக்கா இந்தத் தொகையத் திருப்பிப் பேசவும் வேணும். 2022 செப்டம்பர்ல நாட்டுல விலைவாசி ஒரு வருசத்துக்குள்ள கிட்டத்தட்ட 70 வீதம் ஏறிச்சு, அந்த நேரம் நாங்க ஒரு குடும்பத்துக்கு 3,000 எண்டு பேசி வச்சிருந்தம், அந்தக் காசுக்கு முதல் வாங்கின சாமான்ல பாதிதான் வந்திச்சு. அதனால தாறவங்ககிட்ட தொகையா மட்டும் சொல்லாம இத்தின கிலோ அரிசி, இத்தின கொப்பி எண்டு சொல்லுங்க, விலை ஏறினா ஏன் கூடக் கேக்கிறம் எண்டு அவங்களுக்குத் தன்னால விளங்கும்.

காட்டுறதுக்கு என்ன இருக்கு எண்டு கமிட்டி கேக்கும். கணக்கக் காட்டுங்க. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வரவு செலவ ஒரு தாள்ல எழுதி, பல நோக்கு மண்டபத்துலயோ கோயில் வீதியிலயோ சத்தமா வாசிங்க. திருத்தின கூரைய, வாங்கி அடுக்கின கொப்பியப் படம் எடுத்துப் போடுங்க. 12 புள்ளைகள் இந்தத் தவணை ஒரு நாளும் பிந்தாம ஸ்கூல் போனாங்க எண்டு எழுதுங்க. அழுகைய விட அது மெதுவாத்தான் காசு கொண்டு வரும், ஓம், முதல் வருசம் கமிட்டி உங்களோட கோவிக்கும். தாங்கிக்கொள்ளுங்க.

கேள்வி: நான் அக்கரைப்பற்று. எங்கட அமைப்புல தமிழ், முஸ்லிம் ரெண்டு பக்கத்துப் புள்ளைகளும் இருக்காங்க. ரமழான்ல சில பேர் ஸகாத் காசு, அதாவது மார்க்கக் கடமையாக் குடுக்கிற காசு, தாறாங்க. எல்லாத்தையும் ஒரே கணக்குல போட்டுச் செலவழிக்கலாமா?

பதில்: போடாதீங்க தம்பி. ஸகாத் ஆருக்குப் போகணும் எண்டு குர்ஆன்ல எட்டு வகை சொல்லியிருக்கு, தந்தவர் அந்தக் கடமைய நிறைவேத்தத்தான் உங்கட கையில தாறார். உங்கட ஊர்ப் பள்ளிவாசல்ல மார்க்கம் படிச்ச ஆக்களிட்ட எந்தக் குடும்பத்துக்குக் குடுக்கலாம் எண்டு கேட்டு, தனிப் புத்தகம், தனிப் பற்றுச்சீட்டு வைங்க. பொதுவா எல்லாப் புள்ளைகளுக்கும் செலவழிக்கிறதுக்கு ஸதகாவா, அதாவது விரும்பிக் குடுக்கிற தர்மமாத் தாங்க எண்டு வேறயாக் கேளுங்க, அதுக்கும் நிறையப் பேர் தருவாங்க. இது ஸகாத்துக்கு மட்டும் இல்ல, ஆர் எந்தக் காரியத்துக்கு எண்டு சொல்லித் தந்தாலும் அந்தக் காரியத்துக்குத்தான் அந்தக் காசு. கிணத்துக்குத் தந்தத அவசரத்துக்கு மருந்துக்கு எடுத்தாக்கூட தந்தவருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு எடுங்க.

கேள்வி: லண்டன்ல இருக்கிற என்ட மச்சான் செத்துப்போன மாமிட பேர்ல மட்டக்களப்புல ஒரு சிறுவர் இல்லம் கட்டப் போறன் எண்டு நிக்கிறார். காணியும் பார்த்தாச்சு. நான் இஞ்ச கல்லடியில இருந்து எல்லாத்தையும் பார்க்க வேணுமாம். ஓம் எண்டு சொல்லவா?

பதில்: மச்சான்ட மனசு பெரிய மனசு, அத முதல்ல அவருக்குச் சொல்லுங்க. மறுகா ஒரு கேள்வி கேளுங்க, அந்த இல்லத்துக்கு வரப் போற புள்ளைக்கு அம்மா உயிரோட இருந்தா என்ன செய்யிற? ஏனெண்டா இந்த நாட்டுல இல்லங்கள்ல இருக்கிற புள்ளைகள்ல கனக்கப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ ஆரோ ஒருத்தர் இருக்கிறாங்க. அம்மாக்கு உழைப்பு இல்ல, நுண்கடன் ஆக்கள் கிழமைக்குக் கிழமை வாசல்ல வந்து நிக்கிறாங்க, பக்கத்துல ஸ்கூல் இல்ல, அதனாலதான் புள்ளையக் கொண்டு வந்து விடுறாங்க. கட்டிடம் ஒண்டு கட்டினா அத நிரப்ப வேணும் எண்டு ஒரு நினைப்பு தானா வரும், அது நல்ல மனுசருக்கும் வரும், நான் கண்ணால பார்த்திருக்கன்.

சுனாமியில அம்மா அப்பாவ இழந்த புள்ளைகளுக்காக 2005ல தனியா ஒரு சட்டம் வந்திச்சு, அந்த வருசத்து 16ஆம் இலக்கம். வளர்ப்புப் பெற்றோர் பராமரிப்புக்கு அதுல வழி வச்சாங்க. அவ்வளவு பெரிய அழிவுலயும் அம்மம்மா, சித்தி, மாமா எண்டு சொந்தக்காரர்தான் கனக்கப் புள்ளைகள அள்ளி எடுத்தாங்க, எங்கட சனத்துக்கு அது ஆரும் சொல்லிக் குடுக்காத விசயம். இலங்கை 1991ல ஏத்துக்கிட்ட சிறுவர் உரிமைகள் சமவாயமும் புள்ளை குடும்பத்துல வளர வேணும் எண்டுதான் சொல்லுது. இல்லம் நடத்துறதெண்டா மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துல பதிய வேணும், ஆள் வேணும், இரவு பகல் காவல் வேணும், மச்சானுக்கு வயசு போனாலும் அது நிக்கக் கூடாது. உண்மையாவே ஆரும் இல்லாத புள்ளைக்கும், வீட்டுலயே ஆபத்து இருக்கிற புள்ளைக்கும் நல்ல இல்லம் தேவை, அத நான் மறுக்கல்ல, ஆனா அப்பிடி ஏற்கனவே நடக்கிற இல்லத்துக்குக் கைகுடுக்கிறது புதுசா ஒண்டு கட்டுறத விட நல்லது.

அந்தக் கட்டிடக் காசுக்கு மாமிட பேர்லயே வேற என்னெல்லாம் செய்யலாம் தெரியுமா? ஒரு அம்மாட கடன முடிச்சு, ஒரு தையல் மெசினோ கோழிக்கூடோ வச்சுக் குடுத்து, புள்ளைக்கு ஓ.எல் வரைக்கும் படிப்புக்கு மாசம் மாசம் போட்டா புள்ளை அம்மாட மடியிலயே வளரும். உங்கட பிரதேச செயலகத்துல சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரப் போய்ப் பாருங்க, எந்த வீட்டுப் புள்ளைய இல்லத்துக்கு அனுப்பப் பார்க்கிறாங்க எண்டு அவருக்குத் தெரியும். அரசாங்கத்துட அஸ்வெசும உதவிக் காசு கிடைக்க வேண்டிய குடும்பம் கிடைக்காம இருந்தா மேன்முறையீடு எழுதிக் குடுக்கிறதும் ஒரு உதவிதான், அதுக்கு லண்டன் காசு ஒரு சதமும் தேவல்ல.

மச்சான் அங்க வரி கட்டுறவரெண்டா ஒரு சின்ன விசயம் சொல்லுங்க. பிரித்தானியாவுல பதிஞ்ச ஒரு தொண்டு அமைப்புக்கு ஊடாக் குடுத்து, கிஃப்ட் எய்ட் படிவத்துல கையெழுத்து வச்சா, அவர் தாற ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அந்த அமைப்பு அரசாங்கத்துட்ட இருந்து எடுக்கலாம். 1,000 பவுண் 1,250 ஆகும். உங்கட சொந்தப் பேர்ல இருக்கிற கணக்குக்கு அனுப்பச் சொல்லாதீங்க, எவ்வளவு நேர்மையா இருந்தாலும் ஒரு நாள் ஊர் கதைக்கும், சொந்தத்துக்குள்ளயே முறுகல் வரும். அமைப்புப் பேர்ல கணக்கு, காசு எடுக்க ரெண்டு பேர்ட கையெழுத்து, அந்த ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆக்களா இருக்கக் கூடாது.

கேள்வி: நாங்க 100 ரூபா தந்தா 100ம் புள்ளைக்குத்தான் போகணும், பெற்றோலுக்கும் சம்பளத்துக்கும் எடுக்கக் கூடாது எண்டு ஒரு நன்கொடையாளர் சொல்றார். என்ன சொல்ல? (வாழைச்சேனை)

பதில்: உண்மையச் சொல்லுங்க. வாகரைப் பக்கம் உள்ளுக்கு இருக்கிற ஒரு வீட்டுக்குப் போக மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் வேணும். மாசா மாசம் அங்க போய்ப் பார்க்கிற உங்கட அமைப்பு ஊழியருக்குச் சம்பளம் வேணும், ஏனெண்டா அவ போனாத்தான் அந்த வீட்டு மூத்த பொட்டை மூண்டு கிழமையா ஸ்கூல் போகல்ல எண்டு தெரிய வரும், வீட்டுல ஏதும் பிழை நடந்தா அவதான் கண்டுபிடிச்சு 1929க்கு அடிப்பா (அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிட இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம், எல்லாரும் போன்ல போட்டு வைங்க). சாமான் பெட்டி குடுக்கிறது லேசு, போய்ப் பார்க்கிறதுதான் வேலை. நிர்வாகச் செலவு எவ்வளவு எண்டு ஒளிக்காம எழுதிக் காட்டுங்க, மறைச்சு வேற பேர்ல எழுதினீங்களெண்டா அது பிடிபடுற நாள்ல எல்லாம் போச்சு. அவர் அப்பிடியும் ஒத்துக்கொள்ளாட்டி அவர்ட காச சப்பாத்துக்கும் கொப்பிக்கும் எண்டு எழுதி வாங்குங்க, பெற்றோலுக்கு வேற ஆளப் பிடிங்க. நன்கொடையாளர் ஆரும் தனியாப் போய்ப் புள்ளையப் பார்க்க வேணும் எண்டு கேட்டா மட்டும் எவ்வளவு பெரிய காசு தந்தாலும் இல்ல எண்டுதான் பதில்.

கேள்வி: கல்முனை பஜார்ல ஒரு கடையில கேட்டன், "உங்களப் போல எத்தின பேர் வாறீங்க, காசு எங்க போகுதெண்டு ஆருக்குத் தெரியும்" எண்டு நாலு பேருக்கு முன்னால சொல்லிட்டார். அண்டையில இருந்து கேக்கவே வெக்கமா இருக்கு.

பதில்: வெக்கம் எனக்கும் வந்திருக்கு தங்கச்சி, ஒருக்கா பஸ் ஸ்டாண்டுல நிண்டு அழுதிருக்கன். ஆனா அவர் கேட்டது நியாயமான கேள்வி, அவரிட்ட முதல் வந்து வாங்கிட்டுப் போன ஆரோ மறுகா அந்தப் பக்கமே போகல்ல, அந்தக் கோவம் உங்கட மேல விழுந்திருக்கு. நீங்க திரும்பப் போங்க. கடையில சனம் இல்லாத, பின்னேரம் ரெண்டு மூண்டு மணி போலப் போங்க. ஒண்டும் கேக்காதீங்க, பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் கொண்டு போகாதீங்க. போன வருசக் கணக்கு எழுதின தாள் ஒண்ட அவர்ட மேசையில வச்சு, "நீங்க கேட்டதுக்குப் பதில் நானா" எண்டு சொல்லுங்க, தேத்தண்ணி தந்தாக் குடிச்சிட்டு வாங்க.