ரெப்போ விகிதமும் பங்குனி ஆமையும்: காசிமேட்டுத் தாய் ஒருவருக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்ற வாரம் தாங்கள் கொடுத்துச் சென்ற, அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் தங்கள் மகளின் நடப்பு நிகழ்வுக் குறிப்பேட்டை முழுவதும் படித்தேன். நாள்தோறும் நாலு மணி நேரம் எழுதியும் கேட்டால் ஒன்றும் நினைவில்லை என்று அழுகிறாளே எனத் தாங்கள் வருந்தியதற்கான காரணம் அதன் ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதம் 6.50 என்று எழுதி, அடித்து, 6.25; பிறகு 6.00, 5.50, கடைசியில் 5.25. 2025இல் நடந்த ஒவ்வொரு குறைப்பையும் விடாமல் பதிந்திருக்கிறாள். ஆனால், அதை முடிவு செய்வது ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு என்பதோ, அதில் மூவரை மத்திய அரசு நியமிக்கிறது என்பதோ, பணவீக்கத்தை 4 விழுக்காட்டை ஒட்டி, 2 கூடவோ குறையவோ வைத்திருப்பதே அதன் இலக்கு என்பதோ எங்கும் இல்லை. அடித்து எழுத வேண்டிய எண்ணுக்குக் கொடுத்த இடத்தை, அடிக்கத் தேவையில்லாத இந்தச் செய்திகளுக்கு அவள் கொடுக்கவில்லை.

வனவிலங்குப் பகுதியில் வேறொரு குறை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆறு அட்டவணைகள் என்று பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாள். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை நான்காக்கிவிட்டது.

பொருளாதாரத்துக்கு ஒரு குறிப்பேடு, சூழலியலுக்கு வேறொன்று என்று பிரித்து வைத்திருப்பதையும் மாற்றச் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைத் தங்கள் குடும்பம் நேரிலேயே பார்த்திருக்கும். ஆமைக்கு நுரையீரல்தான் என்பதால் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகிறது. அது வனவிலங்குச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதலாம் அட்டவணையில் உள்ள உயிரினம். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பது மாநில விதி. கடல் எல்லையான 12 கடல் மைலுக்குள் மீன்வளம் அரசமைப்பின் மாநிலப் பட்டியலிலும், அதற்கு அப்பால் மத்தியப் பட்டியலிலும் வருகிறது. இழுவலைகளில் ஆமை வெளியேறும் சாதனம் இல்லை என்ற காரணத்தைக் காட்டி, இந்தியாவில் கடலில் பிடிக்கும் இறாலை 2019 முதல் அமெரிக்கா வாங்குவதில்லை. வாங்கிவந்த பண்ணை இறாலுக்கும் 2025 ஆகஸ்டில் 50 விழுக்காட்டுச் சுங்க வரி சேர்ந்துகொண்டது. ஒரே ஆமையிலிருந்து சட்டம், அரசமைப்பு, ஏற்றுமதி என்று எத்தனை வினாக்கள் பிறக்கின்றன என்று மகளையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். காசிமேட்டுப் பிள்ளை இதை மாத இதழில் தேடுவதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழுக்கு, 25 திறனறிவுக்கு. மீதமுள்ள 75 வினாக்களுக்குள்தான் வரலாறு, அரசியல், அறிவியல் எல்லாவற்றோடும் நடப்பு நிகழ்வும் அடங்குகிறது. ஆகவே நாளுக்கு ஒரு மணி நேரம் இதற்குப் போதும். மிச்ச மூன்று மணி நேரம் தமிழுக்கும் கணக்குக்கும் போகட்டும். கடன் வாங்கித் தனியார் பயிற்சியில் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் அரசு நடத்தும் கட்டணமில்லாப் பயிற்சிக்கு அறிவிப்பு வரும்போது முதலில் விண்ணப்பிக்கட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவளுடைய தந்தை கரையில்தான் இருப்பார். அவர் வலை பழுதுபார்க்கும் நேரத்தில் மகள் அருகில் அமர்ந்து, வலையின் எந்த மடியில் என்ன சிக்கும், ஆமை மாட்டினால் என்ன செய்வார்கள் என்று கேட்டு எழுதட்டும். அடுத்த முறை வரும்போது அந்தப் பக்கங்களையும் கொண்டு வாருங்கள்.