போருக்குப் பணம் ஒதுக்கும் சொந்தக் கட்சி உறுப்பினரை உட்கட்சித் தேர்தலில் வீழ்த்த முடியுமா?

அமெரிக்காவில் முடியும். ஆனால் அதோடு கதை முடிந்துவிடாது. 2006 கனெக்டிகட் செனட் தேர்தலே நல்ல உதாரணம்.

ஜோ லீபர்மேன் மூன்று முறை வென்ற செனட்டர், 2000இல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர். ஈராக் போரை விடாப்பிடியாக ஆதரித்தார். கேபிள் டிவி தொழிலதிபர் நெட் லமாண்ட் அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு அவரை எதிர்த்து நின்றார். ஆகஸ்டில் நடந்த பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், சுமார் 52க்கு 48 சதவீதம் என்று வென்றும் விட்டார்.

அப்புறம்தான் வேடிக்கை. பிரைமரியில் தோற்றவர் தனியாக நிற்க அந்த மாநிலச் சட்டம் தடை போடவில்லை. குடியரசுக் கட்சி வேட்பாளரோ பெயருக்குத்தான் இருந்தார். அவர் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் லீபர்மேனுக்கே வாக்களிக்க, நவம்பரில் சுமார் 50க்கு 40 என்று அவரே ஜெயித்தார்.

ஈராக் போருக்கான நிதி விஷயத்தில் கேள்வி கேட்பது எளிது, நிறுத்துவது கடினம். நாடாளுமன்றம் ஒதுக்காமல் கஜானாவிலிருந்து பணம் வராது. ஆனாலும் ‘களத்தில் நிற்கும் வீரனுக்குப் பணம் தரமாட்டாயா?’ என்ற எதிர்க்கேள்விக்குப் பலரும் பயந்தார்கள். 2007 மே மாதம் படை விலக்கக் கெடுவோடு வந்த நிதி மசோதாவை அதிபர் புஷ் வீட்டோ செய்தார். அதே மாதம் கெடு இல்லாமலேயே நிதி மசோதா நிறைவேறியது.

மேரிலாந்தில் டானா எட்வர்ட்ஸ், பதவியில் இருந்த தன் ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆல் வின்னிடம் 2006 பிரைமரியில் குறைந்த வித்தியாசத்தில் தோற்று, 2008 பிரைமரியில் அவரையே தோற்கடித்தார். என் பார்வையில் இரண்டாவது முயற்சியைத்தான் பதவியில் இருப்பவர்கள் அதிகம் அஞ்ச வேண்டும்.