வண்டி வேகம் கூடினால் ஸ்பீக்கர் ஏன் கூவுகிறது? – கார் ஆடியோ கேள்வி-பதில்

கேள்வி: எட்டு வருடப் பழைய என் காரில், பொள்ளாச்சியில் ஒரு கடையில் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயரும் டிக்கியில் ஒரு பேஸ் பாக்ஸும் பொருத்தினேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் ஸ்பீக்கரில் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் வருகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதியும் ஏறுகிறது. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்பதில்லை. கடைக்காரர் கெபாசிட்டர் வாங்கிப் போடச் சொல்கிறார். வாங்கலாமா? – கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: வாங்க வேண்டாம். பேஸ் அடிக்கும் நொடியில் தேவைப்படும் கூடுதல் மின்சாரத்தைச் சேமித்துத் தருவதுதான் கெபாசிட்டரின் வேலை. பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கினால் அதைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் வண்டியின் நோய் வேறு. ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வது மாறுதிசை மின்சாரம்; அதை உள்ளேயே நேர்மின்சாரமாக மாற்றித்தான் பேட்டரிக்கு அனுப்புகிறது. அப்படி மாற்றிய பிறகும் அதில் ஒரு சிறு அதிர்வு மிஞ்சியிருக்கும். இன்ஜின் வேகம் கூடும்போது அதிர்வின் எண்ணிக்கையும் கூடுவதால்தான் சுருதி ஏறுகிறது. எல்லாக் கார்களிலும் இந்த அதிர்வு உண்டு. அது ஸ்பீக்கர் வரை வந்து சேர ஒரு வழி கிடைத்துவிட்டது என்பதே உங்கள் காரில் உள்ள கோளாறு.

பெரும்பாலும் அந்த வழி எர்த் ஒயர்தான், அதாவது மைனஸை வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கும் ஒயர். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஸ்டீரியோவுக்கு ஓர் இடத்திலும், டிக்கியில் ஆம்ப்ளிஃபயருக்கு வேறோர் இடத்திலும் எர்த் எடுத்து, அவற்றுள் ஒன்று சரியாகப் பிடிக்காமல் இருந்தால், இரண்டுக்கும் இடையே சிறிய மின்னழுத்த வித்தியாசம் உண்டாகும். அந்த வித்தியாசம், ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு சிக்னலைக் கொண்டுசெல்லும் ஆர்.சி.ஏ. ஒயரின் வெளிக்கூட்டின் வழியாக ஓடி, பாட்டோடு சேர்ந்து பெரிதாக்கப்பட்டு வெளியே வருகிறது.

செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனைகளை முதலில் செய்யுங்கள். நீங்கள் போனை ஆக்ஸ் ஒயரில் மாட்டி, அதே நேரத்தில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜும் போடுகிறவராக இருந்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். பலருக்குப் பிரச்சினை அத்தோடு முடிந்துவிடும். முடியவில்லையென்றால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஆர்.சி.ஏ. ஒயர்களை மட்டும் உருவி, மறுபடி இன்ஜினை ஓடவிடுங்கள். சத்தம் நின்றுவிட்டால், அது ஸ்டீரியோ பக்கமிருந்தோ ஆர்.சி.ஏ. ஒயர் வழியாகவோ வருகிறது. நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால், பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் மைனஸ் முனைக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். பத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

சரியான எர்த் என்பது, வண்டியின் இரும்பு உடலில் ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பின் மேல் வளைய லக் வைத்துப் போல்ட்டால் இறுக்கி, பிளஸ் ஒயரின் அதே தடிமனில், அரை மீட்டருக்குள் முடியும் ஒயர். நான் கழற்றிப் பார்த்த ஒரு வண்டியில், இருக்கிற போல்ட் போதுமென்று சீட் பெல்ட் போல்ட்டிலேயே எர்த்தைச் சொருகியிருந்தார்கள். போல்ட்டுக்கும் இரும்புக்கும் நடுவே பெயின்ட் அப்படியே இருந்தது. உயிர் காக்கும் போல்ட்டில் ஒயர் மாட்டுவது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை. எர்த் ஒயரைக் கழற்றும் முன், பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட மறக்காதீர்கள்.

அடுத்து ஒயர் சென்ற வழியைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயரும் ஆர்.சி.ஏ. ஒயரும் ஒரே பக்கத்தில் கட்டிக்கொண்டு போனாலும் இரைச்சல் ஏறும். ஒன்று வலப்பக்கம், மற்றது இடப்பக்கம் என்று பிரித்துக் கொண்டுபோக வேண்டும். தடித்த ஒயர் பேட்டரியிலிருந்து கிளம்பி அரை மீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் சத்தத்தை மறந்துவிட்டு முதலில் அதைப் போடச் சொல்லுங்கள். ஒயர் எங்காவது உரசி இரும்பைத் தொட்டால் வண்டி தீப்பிடிப்பதைத் தடுப்பது அந்த ஃபியூஸ் ஒன்றுதான்.

ஆம்ப்ளிஃபயரில் கெயின் என்ற திருகு முழுக்க ஏற்றி வைக்கப்பட்டிருந்தாலும் இரைச்சல் பெரிதாகக் கேட்கும். கெயின் என்பது இன்னொரு வால்யூம் அல்ல. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரை ஒத்துப்போகச் செய்வது. அதை அடிமட்டத்தில் வைத்து, ஸ்டீரியோவின் வால்யூமை முக்கால் பங்கு ஏற்றி, பழக்கமான ஒரு பாட்டைப் போட்டு, குரல் கரகரக்கத் தொடங்கும் வரை கெயினை மெதுவாக ஏற்றிப் பிறகு சற்றுக் குறைத்துவிடுங்கள். கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டிவிட்டு, அதைப் பேஸ் பாக்ஸுக்கு மட்டும் அனுப்புவது நல்ல தொடக்கம். இவ்வளவும் செய்த பிறகும் சத்தம் மிஞ்சினால், ஆர்.சி.ஏ. ஒயரின் நடுவே எர்த் வித்தியாசத்தால் வரும் இரைச்சலைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடலாம். சிறிய டிரான்ஸ்ஃபார்மர்தான் என்பதால் பேஸ் கொஞ்சம் மெலியக்கூடும். அதனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். எர்த்தைச் சரிசெய்து தருவது நீங்கள் ஏற்கெனவே கொடுத்த கூலிக்குள் அடங்கியது. தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: கம்பத்தில் கொடைக்கானல் பண்பலை 100.5 தெளிவாகக் கேட்கிறது. லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி ஏறும்போது விட்டுவிட்டுக் கேட்கிறது. ஆன்டெனாவை மாற்ற வேண்டுமா? – கம்பம் வாசகர்

பதில்: வேண்டாம். பண்பலை அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்வது. மலை குறுக்கிட்டால் எந்த ஆன்டெனாவும் ஓரளவுக்குத்தான் உதவும். ஆனால் சமதரையிலும் புதிய ஸ்டீரியோ மாட்டிய நாளிலிருந்து ரேடியோ மங்கிவிட்டது என்றால், ஆன்டெனாவுக்குள் இருக்கும் பூஸ்டருக்குச் செல்ல வேண்டிய நீல ஒயரை இணைக்காமல் விட்டிருப்பார்கள். மலிவான யு.எஸ்.பி. சார்ஜரும் டேஷ் கேமராவும்கூட ரேடியோவைக் கெடுக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு வாரம் நான்கு நாள் போய்வருகிறேன். கோடையில் கதவுகளில் புதிய ஸ்பீக்கர் போட்டேன். சாரல் தொடங்கியதிலிருந்து இடது முன்கதவு ஸ்பீக்கர் கிழிந்த மாதிரி கரகரக்கிறது. கால்மிதியும் ஈரமாக இருக்கிறது. வேறு ஸ்பீக்கர் வாங்க வேண்டுமா? – செங்கோட்டை வாசகர்

பதில்: கால்மிதி ஈரம் என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. கார்க் கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. கண்ணாடியை ஒட்டி உள்ளே வழிந்து, கதவின் அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேறிவிடும். அந்த நீர் வண்டிக்குள் வராமலிருக்க, டோர் பேடுக்குப் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். ஸ்பீக்கர் மாற்றுகிறவர்கள் அவசரத்தில் அதைக் கிழித்துவிட்டு, பார்வைக்குத் தெரியாத இடம்தானே என்று அப்படியே மூடிவிடுகிறார்கள். கோடை முழுக்க ஒன்றும் தெரியாது. சாரல் வந்ததும் தெரிந்துவிடும்.

டோர் பேடைக் கழற்றச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். தாள் கிழிந்திருந்தால் புதிய தாளைப் பியூட்டைல் டேப்பால் ஓரம் முழுவதும் ஒட்டச் சொல்லுங்கள். கதவின் அடித்துளைகளில் மண் அடைத்திருந்தால் குத்தி எடுத்துவிடுங்கள். பிறகு ஸ்பீக்கரின் கூம்பை இரண்டு விரல்களால், இரு பக்கமும் சமமாக, மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே எதுவோ உரசும் சத்தம் கேட்டால் கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள் (காயில்) நகர்ந்துவிட்டது, அது தேறாது. உரசாமல் போய்வந்தால், மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பார்க்கலாம்: 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றிலிருந்து நான்குக்குள் காட்டினால் காயில் அறுபடவில்லை. அப்போது கூம்பு நனைந்து தளர்ந்திருக்கிறதா, ஒயர் முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாங்கத்தான் வேண்டுமென்றால், உங்கள் வழித்தடத்துக்குக் காகிதக் கூம்பைவிட பாலிபுரொப்பிலின் கூம்பும் ரப்பர் விளிம்பும் உள்ளதே ஏற்றது.

மாட்டும்போது பிளஸ், மைனஸ் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கதவில் மட்டும் மாறினால், ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போய், இரண்டும் சேர்ந்து ஒலிக்கையில் பேஸ் காணாமல் போகும். ஸ்டீரியோவிலிருந்து ஒயர்களைக் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்தின் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுக் காட்டினால் கூம்பு வெளியே தள்ள வேண்டும். பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயர்தான் பிளஸ்.

கேள்வி: வாளையாரில் வசிக்கிறேன். கோவையில் ‘4000 வாட்’ என்று பெட்டியில் அச்சிட்ட ஆம்ப்ளிஃபயரை வாங்கினேன். சற்றுச் சத்தமாக வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்துவிடுகிறது. கேட்டால், “கேரளாவில் இருந்துகொண்டு எங்கள் மேல் என்ன செய்ய முடியும்?” என்கிறார்கள். – வாளையார் வாசகர்

பதில்: முதலில் பொருள். ஸ்பீக்கர் ஒயர்கள் அனைத்தையும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போதும் சிவப்பு எரிந்தால் ஆம்ப்ளிஃபயரே பழுது. எரியாவிட்டால், ஏதோ ஒரு ஸ்பீக்கர் ஒயர் இரும்பைத் தொடுகிறது, அல்லது சப்வூஃபரின் (பேஸ் ஸ்பீக்கரின்) ஓம் அளவு ஆம்ப்ளிஃபயர் தாங்கக்கூடியதைவிடக் குறைவாக இருக்கிறது. இரண்டு 4 ஓம் காயில் உள்ள சப்வூஃபரைப் பக்க இணைப்பாக மாட்டினால் 2 ஓம் ஆகிவிடும். இரண்டு சேனலைச் சேர்த்து ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றுக்கு 4 ஓம்தான் குறைந்தபட்ச எல்லை. சீட்டுக்கு அடியில் காற்றோட்டமில்லாமல் கார்ப்பெட்டால் மூடி வைத்திருந்தாலும் சூடேறி அணையும்.

4000 வாட் என்பதை உங்கள் வண்டியே மறுக்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 14 வோல்ட் இருக்கும். இழப்பு எதையும் கணக்கில் சேர்க்காவிட்டாலும் 4000 வாட்டுக்கு 280 ஆம்பியருக்கு மேல் வேண்டும். சிறிய காரின் ஆல்டர்னேட்டர் மொத்தமாகத் தருவதே பெரும்பாலும் 100 ஆம்பியருக்குள்தான். ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டிலுள்ள ஃபியூஸின் எண்ணைப் பாருங்கள். அது 30 என்றால், உள்ளே போகும் மின்சாரமே சுமார் 420 வாட். பழைய வகை ஆம்ப்ளிஃபயரில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் ஒலியாக வெளிவரும். இனி வாங்கும்போது பெட்டியின் மேலுள்ள எண்ணை விட்டுவிட்டு தொடர்ந்து தரக்கூடிய திறனைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். வாட்டையும் ஃபியூஸ் எண்ணையும் மட்டும் கேளுங்கள்.

அடுத்து, கடைக்காரர் சொன்னது தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த வசதி இல்லை. பழைய நினைப்பில் அவர் பேசியிருக்கலாம். ஆகவே நீங்கள் பாலக்காட்டிலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடும்.

எதற்கும் பில் வேண்டும். ‘சவுண்ட் செட் – 1’ என்று எழுதிய துண்டுச்சீட்டு போதாது. மாடல் எண்ணும் வரிசை எண்ணும் குறித்த ஜி.எஸ்.டி. பில்லைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், பணம் செலுத்திய யு.பி.ஐ. பதிவையும், ‘4000 வாட்’ என்ற எழுத்தும் ஃபியூஸின் எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்த புகைப்படத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.