யூசர்நேம் ஒன்றாக இருந்தும் என்எஃப்எஸ் ஏன் அனுமதி மறுக்கிறது?

என்எஃப்எஸ் (சர்வரின் ஃபோல்டரை நெட்வொர்க் வழியே வேறு மெஷினில் பயன்படுத்தும் முறை) வழியாக ஃபோல்டரைத் திறக்கும்போது, சர்வரிலும் கிளையன்ட்டிலும் ஒரே யூசர்நேம், ஃபோல்டருக்கு 770 (உரிமையாளருக்கும் குரூப்புக்கும் மட்டும் முழு அனுமதி), இருந்தும் 'பெர்மிஷன் டினைட்' வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து 777 (எல்லோருக்கும் முழு அனுமதி) மட்டும் போட்டுவிடாதீர்கள். பிழை மறையலாம், காரணம் அப்படியே இருக்கும். கோப்புகளோ எல்லோருக்கும் திறந்துவிடும்.

கெர்பரோஸ் (யூசர் யார் என்று உறுதிசெய்யும் பாதுகாப்பு முறை) இல்லாத வழக்கமான என்எஃப்எஸ்ஸில் அனுமதியைத் தீர்மானிப்பது பெயர் அல்ல, கிளையன்ட் அனுப்பும் யூஐடி (யூசர் எண்), ஜிஐடி (குரூப் எண்) ஆகியவை. இரண்டு மெஷினிலும் 'ஐடி' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். இங்கே 1000, அங்கே 1001 என்றால் சர்வருக்கு நீங்கள் வேறு ஆள். 'எல்எஸ்' கட்டளையோடு மைனஸ் எல்என் சேர்த்தால் கோப்பின் உரிமையாளர் எண்ணாகவே தெரியும். எண்ணை மாற்றினால் பழைய கோப்புகளின் உரிமையையும் மாற்ற மறக்காதீர்கள்.

சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகி உரிமையில் ஓட்டியும் நடக்கவில்லையா? அது ரூட் ஸ்குவாஷ். லினக்ஸ் சர்வரில் இயல்பாகவே இயங்கும். ரூட்டாக வருபவரை 'நோபடி' ஆக்கிவிடும், எண் பெரும்பாலும் 65534. அதை அணைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எண்கள் பொருந்தியும் சிக்கல் தொடர்ந்தால் குரூப்களை எண்ணுங்கள். எனக்கு ஒரு நாள் முழுக்கப் போனது இதில்தான். அந்த யூசர் 19 குரூப்களில் இருந்தார். என்எஃப்எஸ் கோரிக்கையில் 16 கூடுதல் குரூப்களுக்கு மேல் போகாது, தேவையான குரூப் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. சர்வரின் மவுன்ட்டியில் (மவுன்ட் கோரிக்கைகளைக் கவனிக்கும் என்எஃப்எஸ் சேவை) 'மேனேஜ் ஜிஐட்ஸ்' விருப்பத்தை இயக்கினேன். அதன்பின் குரூப் பட்டியலைச் சர்வரே தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது, ஃபோல்டரும் திறந்தது.