நோயில்லாத கண்ணிலும் விழிவெண்படலத்தின் தடிப்பு ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

விழிவெண்படலம் என்பது கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல இருக்கும் படலம் (கோர்னியா). உவர்மலையிலிருந்து கேட்டவருக்கு அதன் தடிப்பு 510 மைக்ரோமீற்றர், அவர் தங்கச்சிக்கு 555, இருவர் கண்ணிலும் நோயில்லை. பயப்பட வேண்டாம், இரண்டும் சாதாரண அளவுதான். சராசரி 540 அளவில் வரும், அதாவது போட்டோகொப்பித் தாள் ஐந்தை அடுக்கிய தடிப்பு. அதுவும் நடுவில்தான், ஓரத்துக்குப் போகப்போகக் கூடும்.

பெரிய காரணம் பரம்பரை. ஆனாலும் கூடப்பிறந்தவர்களுக்கு ஒரே அளவு வரவேண்டும் என்றில்லை.

அடுத்தது நேரம், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. இந்தப் படலத்தில் இரத்தக்குழாய் கிடையாது, விழித்திருக்கும்போது ஒட்சிசனைக் காற்றிலிருந்தே எடுக்கிறது. இமை மூடித் தூங்கும்போது அது குறைய, உள்ளே வரும் நீரை வெளியேற்றும் உட்பக்கக் கலங்களால் ஈடுகொடுக்க முடியாமல் படலம் 3, 4 சதவீதம் வீங்கிவிடும், எழும்பி ஓரிரு மணித்தியாலத்தில் வற்றிவிடும். நிலாவெளியிலிருந்து விடிய எழும்பிய கையோடு வந்து அளந்தவருக்கும் பகல் பதினொரு மணிக்கு அளந்தவருக்கும் வித்தியாசம் வரத்தானே செய்யும்? கொன்டாக்ட் லென்ஸோடு தூங்கினால் வீக்கம் இன்னும் கூடும். வயதின் பங்கு சிறியதுதான்.

சரி, இந்த எண் எதற்கு? மெல்லிய படலத்தில் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். குளுக்கோமா (கண் அழுத்தத்தோடு தொடர்புடைய, பார்வை நரம்பைப் பாதிக்கும் நோய்) உள்ள குடும்பமென்றால் 510 என்பதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள். அடுத்தமுறை இருவரும் ஒரே கருவியில், ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள்.