கீழ்த்தளத்தில் தண்ணீர்: டர்பன் வீட்டுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு, மழைமேகம் திரண்டாலே நம்மவர்களுக்குக் கீழ்த்தள அறையைப் பற்றிய கவலை வந்துவிடுகிறது. வடிகால் வேலையில் இருப்பவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரிசர்வார் ஹில்ஸ் அக்கா: வீடு சரிவில் இருக்கிறது. ரோட்டு மட்டத்துக்குக் கீழே கராஜும் ஓர் அறையும். மழை பெய்தால் பின்சுவர் ஓரமாகக் கசிகிறது. எந்த பம்ப் வாங்கலாம்?

பம்ப் அப்புறம், அக்கா. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். மழை விட்ட கொஞ்ச நேரத்தில் கசிவும் நின்றால், பெரும்பாலும் அது கூரைத் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 5,000 லிட்டர். கூரை ஓரத்தில் மழைத் தண்ணீரைப் பிடிக்கும் கட்டர் இலையால் அடைத்து, இறக்கு குழாயும் சுவரடியிலேயே முடிந்தால் அத்தனையும் அஸ்திவாரத்துக்குத்தான் போகும். குழாயைச் சுவரைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோனாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்தும் சுவர் அழுதுகொண்டிருந்தால் அது மேட்டு மண்ணில் ஊறிய தண்ணீர். சுவருக்கு வெளியே பள்ளம் தோண்டி, மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் வடிதுணி விரித்து, துளையிட்ட குழாயைக் கல்லுக்கு நடுவே பதித்து, வீட்டைச் சுற்றிக் கீழ்ப்பக்கமாக வெளியேற்ற வேண்டும். உங்களுடையது சரிவு நிலம். குழாயின் வாய் அறைத் தரையைவிடத் தாழ்வாக வெளியே வந்துவிட்டால் தண்ணீர் தானாகவே ஓடிவிடும், கரண்டே தேவையில்லை. ஆனால் தாங்குசுவரை ஒட்டித் தோண்டுவதற்கு முன்னால் இன்ஜினியரிடம் காட்டிவிடுங்கள். அஸ்திவாரத்துக்குக் கீழே ஒரு மண்வெட்டி இறங்கினாலும் ஆபத்து.

மெரபேங்க் தம்பி: எங்கள் பக்கம் சமதரை. கராஜை இறக்கிக் கட்டியிருக்கிறோம். தண்ணீர் ஓடிப்போகத் தாழ்வான இடமே இல்லை.

உங்களுக்குத்தான் சம்ப் குழி வேண்டும், தம்பி. அதாவது, தண்ணீரைச் சேர்த்து பம்பால் வெளியேற்றும் குழி. தரையின் மிகத் தாழ்ந்த மூலையில் சுமார் 45 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் சாதாரண வீட்டுக்குப் போதும். சுற்றிலும் கல் நிரப்பி, துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி, மூடி போடுங்கள். பம்பை அடிமண்ணில் வைக்காதீர்கள், செங்கல் மேல் நிற்கட்டும்.

பம்ப் கெட்டுவிட்டது என்று கூப்பிடுகிற வீடுகளில் பல தடவை மோட்டார் நன்றாகவே இருக்கும். தண்ணீரோடு எழுந்து மோட்டாரை ஓடவைக்கும் மிதவைதான் குழிச்சுவரிலோ கேபிளிலோ மாட்டிக்கொண்டு மேலே வராமல் கிடக்கும். மழைக்காலத்துக்கு முன்பு இரண்டு பக்கெட் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்: மிதவை எழ வேண்டும், மோட்டார் ஓட வேண்டும், வற்றியதும் நிற்க வேண்டும். நின்றவுடன் சளசளவென்று தண்ணீர் திரும்பி விழுந்தால் வெளியேற்றுக் குழாயில் ஒருவழி வால்வு இல்லை, அல்லது அது பழுது.

வாங்கும்போது லேபிளில் ‘எச் மேக்ஸ்’ பாருங்கள். 7 மீட்டர் என்று போட்டிருந்தால் அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்று பொருள். குழிக்கும் குழாயின் உச்சிக்கும் உள்ள உயரத்தில் எத்தனை லிட்டர் தரும் என்பதைத்தான் கடையில் கேட்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த் அண்ணன்: சம்ப் தண்ணீரைப் பக்கத்திலிருக்கும் சாக்கடை மேன்ஹோலில் விட்டால் என்ன?

வேண்டாம் அண்ணே. இங்கே மழைநீர்க் குழாய் வேறு, சாக்கடைக் குழாய் வேறு. மழைத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவது சட்டப்படியும் தப்பு. குழாய் நிரம்பினால் மலையடியில் இருக்கும் யாரோ ஒருவர் வீட்டுக் கழிப்பறை வழியாக அது பொங்கும். மழைநீர் வடிகாலிலேயே விடுங்கள்.

பீனிக்ஸ் தங்கை: கீழ் அறையின் தரை வடிகாலில் எப்போதும் நாற்றம்.

உள்ளே வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு பக்கெட் ஊற்றிவிட்டு, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள், சீக்கிரம் ஆவியாகாது. அப்படியும் நாறினால் குழாயில் விரிசல் இருக்கிறதா என்று ஆளை வைத்துப் பாருங்கள்.

இசிப்பிங்கோ மாமா: அந்த வடிகாலிலிருந்து சாக்கடையே மேலே வந்துவிட்டது. பம்ப் போட்டால் சரியாகுமா?

ஆகாது மாமா. வெளியே சமையலறைத் தண்ணீர் விழும் கல்லியைப் பாருங்கள். சாக்கடை அடைத்தால் வீட்டுக்குள் வராமல் வாசலில் வழியட்டும் என்றுதான் அதன் விளிம்பை வீட்டுத் தரையைவிடத் தாழ்வாக வைப்பார்கள். உங்கள் கீழ் அறை அந்த விளிம்பைவிடவும் தாழ்வு. அதனால் அடைப்பு வந்தால் முதலில் வழிவது அங்கேதான். அந்த அறைக்குப் போகும் குழாயில் எதிரோட்டத் தடுப்பு வால்வு போட வேண்டும். கைவிட்டுச் சுத்தம் செய்ய மேலே மூடியும் இருக்கட்டும். ஒரு துணித் துண்டு சிக்கினால்கூட வால்வு மூடாது. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் கீழ்த்தளக் குழாயையோ கழிப்பறையையோ பயன்படுத்தக் கூடாது, அந்தத் தண்ணீர் வெளியேற வழியிருக்காது.

மறுபடியும் மெரபேங்க் தம்பி: மழை நேரத்தில் கரண்ட் போனால்?

பேட்டரியோடு இன்வெர்ட்டர் வையுங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். 400 வாட் பம்ப் தொடர்ந்து ஓடினால் ஒன்றேகால் மணி நேரம் வரும். விட்டுவிட்டு ஓடினால் இரவு தாண்டலாம். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும், இன்வெர்ட்டர் அதைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். கீழே தண்ணீர் நின்றால் மெயினை அணைக்காமல் இறங்கவே கூடாது. மெயின் போர்டே கீழ்த்தளத்தில் இருந்தால், எலெக்ட்ரீஷியன் வரும்வரை படியிலேயே நில்லுங்கள்.