உப்புக்காற்று ஊரில் மெக்கானிக் வேலை

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அப்பா வல்லத்தில் (நாட்டுப் படகில்) மீன்பிடிக்கப் போகிறார். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டிகளுக்கு பார்ட்ஸ் மாட்டி, பழுது பார்க்கும் வேலைக்குப் போக ஆசை. தெரிந்தவர் பட்டறையில் நாளைக்கே சேர் என்கிறார் மாமா. ஐ.டி.ஐ. படித்துவிட்டுப் போ என்கிறாள் அக்கா. இனி எல்லாம் எலெக்ட்ரிக் வண்டிதான், இந்த வேலையே இருக்காது என்கிறான் நண்பன். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, அக்கா பேச்சைக் கேளுங்கள். மாமாவையும் விட்டுவிடாதீர்கள். நண்பனிடம் அப்புறம் வருவோம்.

மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு 2 ஆண்டு, டீசல் மெக்கானிக் 1 ஆண்டு. ராமநாதபுரத்திலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எந்தப் பிரிவில் இடம் உண்டு என்று நேரில் போய்க் கேளுங்கள். அரசு நிலையத்தில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. பட்டறையிலேயே வளர்ந்தவர்களுக்குக் கை நன்றாக ஓடும், மறுக்கவில்லை. ஆனால் கம்பெனி சர்வீஸ் சென்டரோ, போக்குவரத்துக் கழக அப்ரண்டிஸோ, வளைகுடா வேலையோ, எங்கே போனாலும் முதலில் கேட்பது சான்றிதழைத்தான்.

சரி, மாமா எதற்கு? நம் கரையில் வண்டிக்கு வருகிற நோய் வேறு. அதை வகுப்பறையில் முழுசாகப் பார்க்க முடியாது. மீன் ஏற்றும் மினி வேனுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சேசிஸ் (அடிச்சட்டம்) வழியாக ஒழுகி, பின்சக்கர ஸ்பிரிங் பட்டையைப் பிடிக்கும் யூ போல்ட்டிலும் பிரேக் குழாயிலும் நின்றிருக்கும். நட்டு எது, துரு எது என்றே தெரியாது. அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் முனை மழுங்கும், இல்லையென்றால் போல்ட் ஒடியும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். பிறகு துளி இறுக்கி, துளி தளர்த்தி, முன்னும் பின்னுமாகத்தான் கழற்ற வேண்டும். அசையவே இல்லையென்றால் சூடு காட்டுவார்கள். ஆனால் பக்கத்தில் பிரேக் ஹோஸோ டீசல் குழாயோ இருந்தால் அந்தப் பேச்சே கூடாது.

புது பார்ட்டை மாட்டுவதை யாரும் ஒரு மாதத்தில் பழகிவிடலாம். பழையதைச் சேதமில்லாமல் கழற்றுவதும், அது ஏன் போனது என்று கண்டுபிடிப்பதும்தான் இந்த ஊர் மெக்கானிக்குக்குச் சோறு போடும். டிஸ்க் பிரேக் ஒரு பக்கம் பிடிக்கிறது என்று வரும் காரில் பிரேக் பேட் மட்டும் மாற்றி அனுப்பினால் அது திரும்பி வரும். பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஊசி (pin) துருப்பிடித்து இறுகியிருக்கும். அதைக் கழற்றித் துடைத்து, அதற்குரிய கிரீஸ் போட்டிருக்க வேண்டும். போல்ட்டைத் திரும்பப் போடும்போது முதல் சில சுற்று விரலால்தான். ஸ்பேனரிலேயே ஆரம்பித்தால் மரை போய்விடும்.

நண்பன் சொல்வதில் பாதி சரி. எலெக்ட்ரிக் வண்டியில் இன்ஜின் ஆயில் இல்லை, கிளட்ச் பிளேட் இல்லை. பிரேக், பேரிங், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் இருக்கின்றனவே! அந்த வண்டிகள் மோட்டாராலேயே வேகம் குறைவதால் பிரேக் அதிகம் தேயாது. தேயாத டிஸ்க்கில் நம் உப்புக்காற்று இன்னும் சுகமாகத் துருவேற்றும். வேலை போகாது, மாறும். அதனால் மல்டிமீட்டர் பிடிக்கவும் வயரிங் படம் பார்க்கவும் இப்போதே பழகுங்கள். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற கேபிளை மட்டும் தனிப்பயிற்சி இல்லாமல் தொடாதீர்கள்.

டீசல் தெரிந்தால் இன்னொரு வாசலும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் படகைக் கரையேற்றி இன்ஜினைப் பிரிப்பது அப்போதுதான். ராமேஸ்வரத்துக்குக் கோடை விடுமுறை வண்டிகள் வந்து குவிவதும் அதே சமயம்தான். அந்த இரண்டு மாதம் எந்தப் பட்டறைக்கும் ஆள் பற்றாது.

ஆகவே மாமாவின் நண்பரிடம் ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறைக்கும் மட்டும் கேளுங்கள். சம்பளம் பேசுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு ஸ்டாண்டு கொடுக்காமல் யாராவது அடியில் படுத்தால், அந்தப் பட்டறை வேண்டாம் தம்பி, மாமா எவ்வளவு கோபித்துக்கொண்டாலும் சரி.